பதவி முடியும் தேதி எங்கே?

ஆசிரியருக்கு,

தலைவரின் வீரத்தைப் பேசும் நாம், அவர் பதவி முடியும் தேதியைக் கேட்பதில்லை. கொடுங்கோன்மை அங்கேதான் தொடங்குகிறது. பழைய ரோமில் சர்வாதிகாரி என்பது சட்டப்படியான பதவி. ஆபத்துக் காலத்தில், செனட் சபை கேட்டுக்கொண்டால் கான்சல் எனும் தலைமை ஆட்சியாளர் ஒருவரைச் சர்வாதிகாரியாக நியமிப்பார். பதவியின் ஆயுள் ஆறே மாதம். கி.மு. 458-இல் அப்படிச் சர்வாதிகாரியான சின்சினாட்டஸ் போரை வென்று, 16-ஆம் நாளே பதவியைத் துறந்தார் என்கிறது ரோமானிய மரபு.

கி.மு. 82-இல் சர்வாதிகாரியான படைத்தலைவர் சுல்லாவுக்கு அந்தக் கெடு நீக்கப்பட்டது. பொது இடத்தில் எதிரிகளின் பெயர்ப் பட்டியல் வைத்தார். பட்டியலில் உள்ளவரை யாரும் கொல்லலாம்; கொன்றவருக்குப் பணம், செத்தவர் சொத்து ஏலத்துக்கு. அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும்கூடப் பதவிக்கு நிற்க முடியாது. விளைவு, வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆசைப்பட்டே பலரின் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்கள். சுல்லா பிறகு தானாகவே விலகினார். ஆனால் உடைந்த கெடு ஒட்டவில்லை.

சீசரைப் பாருங்கள். சர்வாதிகாரிப் பதவி அவருக்கு கி.மு. 49-இல் 11 நாள், 46-இல் பத்தாண்டு, 44-இல் வாழ்நாள் முழுக்க. படைபலத்துக்கு அஞ்சிய செனட்டே அதற்கு ஆதரவாகக் கைதூக்கியது! அதே ஆண்டு ரோம் நாணயச்சாலை, உயிரோடிருந்த அவர் முகத்தையே வெள்ளிக்காசில் அச்சடித்தது.

– வாசகர், திருச்சி