கறுப்பென்று நினைத்த நீலம்

மருதமுனை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் நலம். என் கண் ஒப்பரேஷன் முடிந்த செய்தியை உன் தங்கச்சி உனக்குச் சொல்லிவிட்டாளாம். சின்ன விஷயம் என்றும் சொல்லியிருப்பாள். ஒப்பரேஷன் சின்னதுதான். அதற்கு முன்னால் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் "சரி உம்மா, சரி உம்மா" என்று கேட்டுவிட்டு மறந்துபோவாய்.

நோன்புக்கு முன் நான் நெய்து கொடுத்த சாரன்களில் நான்கு திரும்பி வந்தன. இத்தனை வருட நெசவில் என் கைத்துணி திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. கறுப்புக் கரையில் பாதிக்குமேல் கருநீல நூல் ஓடியிருந்தது. வாசலில் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. தங்கச்சியின் மகள் வந்து, "இது நீலம், இது கறுப்பு" என்று விரல் வைத்துக் காட்டினாள். எட்டு வயதுப் பிள்ளை. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் கல்முனைக்குப் போனேன். அங்கே மாலையில் கண் டொக்டர் பார்க்கும் கிளினிக் ஒன்று இருக்கிறது. எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லிவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டரை மணித்தியாலம் வைத்திருந்தார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, வெளிச்சத்தைக் கீற்றாக்கிக் கண்ணுக்குள் பார்த்தார் டொக்டர். பிறகு ஏதோ சொட்டு விட்டார். துடைத்த லேஞ்சி முழுக்கச் செம்மஞ்சள் சாயம். நீல வெளிச்சம் ஒன்று நெருங்கி வந்து கண்ணைத் தொட்டதாம். எனக்குத் தொட்டதே தெரியவில்லை. அது கண்ணின் அழுத்தம் அளக்கிற கருவி. இருபத்தொன்று வரை சாதாரணக் கணக்கு என்றார். எனக்கு ஒரு கண்ணில் 28, மற்றதில் 30.

வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வயதானால் யாருக்கும் வருவதுதான். டொக்டரின் முகம் மாறியது அந்த அழுத்தத்துக்குத்தான். "குடும்பத்தில் யாருக்காவது பார்வை போனதா?" என்று கேட்டார்.

என்னைப் பெற்ற உம்மாவை உனக்கு நினைவிருக்கும். நேரே நின்றால் யார் என்று சொல்லுவா. பக்கத்திலிருந்து தேநீரை நீட்டினால் தட்டிவிடுவா. கதவு நிலையில் இடித்து இடித்துத் தோள் கன்றிப்போயிருக்கும். வயது என்றோம். கடைசி மூன்று வருடம் இருட்டிலேயே இருந்து மௌத்தானா. இதைச் சொன்னதும் டொக்டர், அதுவும் இந்த அழுத்த நோயாகவே இருந்திருக்கலாம் என்றார். குளுக்கோமா என்று பெயர். பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். தறியில் கட்டிய பாவில் ஓரத்து இழை ஒவ்வொன்றாக அறுவதுபோல் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அறுந்த இழையை நான் முடிந்துவிடுவேன். போன பார்வையை எந்த டொக்டராலும் முடிய இயலாது. இருப்பதை மருந்தால் காக்கலாம்.

இன்னொன்றும் கேட்டார்: "கண்ணுக்கு விட்ட மருந்தெல்லாம் எங்கே?" பஞ்சுத் தூசியில் கண் அரிக்கும்போதெல்லாம் பாமசியில் வாங்கி விடுவேனே, அந்தச் சிறு போத்தலை நீட்டினேன். அதில் ஸ்டீரொயிட் இருக்கிறதாம். அரிப்பு உடனே அடங்கும். மாதக்கணக்கில் விட்டால் அழுத்தத்தை ஏற்றும், புரையையும் வரவழைக்கும். இரண்டு வருடம் விட்டிருக்கிறேன். டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

புரையை அரசாங்க ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். விறைக்க மருந்து விட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் துவாரம் போட்டு, மங்கிப்போன பழைய லென்ஸ் வில்லையை உடைத்து உறிஞ்சி, புதியதை மடித்து உள்ளே வைத்தார்கள். தையல் இல்லை. தொழுகைக்கு முன் முகம் கழுவி வுழூ எடுக்கும்போது கண்ணில் தண்ணீர் படக்கூடாது, நெற்றி தரையில் பட ஸுஜூதில் குனியக்கூடாது என்றதுதான் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நாள் கதிரையில் இருந்து தொழுதேன்.

கட்டு அவிழ்த்த அன்று ஒரு வேடிக்கை. இடது கண்ணை மூடினால் சுவர் பளீரென்று வெள்ளை. வலதை மூடினால் அதே சுவர் தேயிலைச் சாயம் பட்டதுபோல் பழுப்பு. இத்தனை நாளும் அந்தப் பழுப்புக்குள்ளிருந்துதான் நூல் தெரிந்தெடுத்திருக்கிறேன். இடது கண் இன்னும் பழுக்கட்டும் என்றேன். மாம்பழமா, பழுக்கும்வரை காத்திருக்க என்று சிரித்தார் டொக்டர். தொல்லை தந்தால் எடுத்துவிடலாமாம்.

இப்போது இரவில் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு துளி. ஒன்றுக்குமேல் விட்டால் கன்னத்தில்தான் வழியும். விட்டதும் மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி இருப்பேன். ஆயுள் முழுக்க விட வேண்டும்.

இனி உன் விஷயம். வீடியோவில் பேசும்போது தங்கச்சி அனுப்பிய ரசீதை நீ கையை நீட்டிப் பிடித்து வாசித்தாய், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாற்பத்தொரு வயது, வெள்ளெழுத்துத்தான் என்பாய். இருக்கட்டும். ஆனால் கடையில் கண்ணாடியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. உம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்காம். அழுத்தத்தை அளக்கச் சொல், கண்மணியை விரிக்கிற மருந்து விட்டு நரம்பைப் பார்க்கச் சொல். உனக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. விழித்திரையை வருடத்துக்கொரு தடவை பார்ப்பார்கள், அதையும் அதே நாளில் முடித்துவிடு. மருந்து விட்டால் சில மணித்தியாலம் மங்கும். அன்றைக்கு நீ வாகனம் ஓட்டாதே. லீவு தரமாட்டார்கள் என்று சொல்லாதே. பெருநாளைக்கு வருகிற லீவில் ஒரு நாள் குறையட்டும். பார்த்த பிறகு "நல்லம்" என்று சொன்னால் போதாது. இரண்டு கண்ணின் அழுத்த இலக்கத்தையும் எழுதி அனுப்பு.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி கட்டாருக்கு வருகிறான். அவன் கையில் ஒரு சாரன் தந்துவிடுகிறேன். கரை கருநீலம். பேத்தியைக் கூப்பிடாமல் நானே நூல் எடுத்தேன். பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார், கறுப்பு ஒரு இழையாவது கலந்திருக்கிறதா என்று.

உன் உம்மா