பதிமூன்று ஆட்டமும் ஜெயித்தவர்களை ஏன் வெளியே நிறுத்தினீர்கள்?

2024 ஜனவரி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை) ப்ளேஆஃப், அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களின் தேர்வுக் குழுவில் இருக்கும் 13 பேருக்கும் வணக்கம்.

2023 பருவம் முடிந்துவிட்டது. ஜனவரி 8 அன்று மிச்சிகன் 34-13 என்று வாஷிங்டனை வென்று கோப்பையைத் தூக்கிவிட்டது. இனி பேசி என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். மிச்சிகன் ஜெயித்ததில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. டிசம்பர் 3 அன்று, பதிமூன்று ஆட்டமும் ஜெயித்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை முக்கிய வீரர் அடிபட்டதைக் காட்டி ப்ளேஆஃபின் நான்கு அணிகளில் சேர்க்காமல் நீங்கள் ஒதுக்குவதற்கு இடம்கொடுத்த விதி அப்படியே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல். நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவனும் இல்லை, அந்த அணிக்குக் கொடி பிடித்தவனும் இல்லை.

நூற்றுக்கு மேற்பட்ட அணிகள் எல்லாம் ஒன்றோடொன்று மோத வழியில்லை, புரிகிறது. அதனால்தான் டெக்சஸ் கிரேப்வைனில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து நான்கு அணிகளைப் பொறுக்கும் வேலையை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். பொறுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? ஆடி முடித்ததையா, இனி ஆடப்போவதையா?

ஃப்ளோரிடா ஸ்டேட் ஆடி முடித்தது இது. ஆர்லாண்டோவில் எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி) 45-24 என்று அடித்தார்கள். அன்று எதிரே நின்ற குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜேடன் டேனியல்ஸ்தான் பிறகு பருவத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். கிளெம்சனை அவர்கள் மைதானத்திலேயே ஓவர்டைமில் 31-24 என்று முடித்தார்கள். நவம்பர் 18, சொந்த ஊர் டலஹாசி. நார்த் அலபாமாவுடன் ஆட்டம், முதல் கால் பகுதி. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் பந்தோடு ஓடுகிறார், பின்னாலிருந்து பிடித்துச் சாய்க்கிறார்கள், இடது கால் அடியில் மடங்குகிறது. காலைக் கட்டி, வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். பருவம் அவருக்கு அத்தோடு முடிந்தது. அணிக்கு முடியவில்லை, அன்றே 58-13 என்று ஜெயித்தது.

அடுத்த வாரம் மாற்று ஆள் டேட் ரோட்மேக்கரை வைத்துக்கொண்டு, பரம எதிரியான ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியை அவர்கள் ஊரான கெய்ன்ஸ்வில்லிலேயே 24-15 என்று வென்றார்கள். அவருக்கும் தலையில் அடி. மூன்றாவது ஆள், முதலாண்டுப் பையன் பிராக் க்ளென், அவர்களுடைய கான்ஃபரன்ஸின் (தங்களுக்குள் ஆடும் அணிகளின் கூட்டமைப்பு) இறுதியாட்டத்தில் இறங்கினார். அவர் எறிந்து சேர்த்தது வெறும் 55 யார்டு. பார்க்கச் சகிக்காத ஆட்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களுடைய தடுப்பு வரிசை எதிரணி லூயிவில்லை ஒரு டச் டவுன்கூட (பந்தை எதிர் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) அடிக்க விடவில்லையே! 16-6. பதிமூன்றுக்குப் பதிமூன்று.

அதற்கு முந்தைய உங்கள் தரவரிசைப் பட்டியலில் அவர்களுக்கு நான்காம் இடம், அலபாமாவுக்கு எட்டாம் இடம். ஜெயித்த பிறகு ஃப்ளோரிடா ஸ்டேட் ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது, அலபாமா நான்காம் இடத்தில் உட்கார்ந்தது. நான்கு அணி முறை தொடங்கிய 2014 முதல், பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றைத் தோல்வியே காணாமல் வென்ற அணி வெளியே நின்றது இந்த ஒரு முறைதான்.

அலபாமா லேசுப்பட்ட அணி இல்லை. தங்கள் கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் ஜார்ஜியாவை 27-24 என்று வீழ்த்தியது பெரிய காரியம். ஆனால் செப்டம்பரில் சொந்த மண்ணில் டெக்சஸிடம் 34-24 என்று தோற்றவர்களும் அவர்கள்தான். ஜார்ஜியா ஆட்டத்துக்கு முந்தைய வாரம் ஆபர்னிடம் கிட்டத்தட்ட தோற்றே போனார்கள். கடைசி நிமிடம், நான்காவது, அதாவது கடைசி முயற்சி, 31 யார்டு போயாக வேண்டும், எறிந்த பந்து எண்ட் ஸோன் (எதிர் எல்லைப் பகுதி) மூலையில் அலபாமா வீரர் ஒருவர் கையில் சிக்கியது. அதை அதிர்ஷ்டம் என்று கழிக்காமல் வெற்றியாகவே எண்ணினீர்கள். சரி, அப்படித்தான் எண்ண வேண்டும். ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கும் அதே கணக்கு வேண்டாமா?

உங்கள் தலைவர் பூ காரிகன், டிராவிஸ் இல்லாத அணி முதல் 11 வாரம் ஆடிய அணி அல்ல என்ற பொருளில் விளக்கம் சொன்னார். ஐபிஎல் புள்ளிப் பட்டியலில் ஒரு தோல்விகூட இல்லாமல் முதலிடம் பிடித்த அணியிடம், "உங்க கேப்டனுக்கு முழங்கால் சரியில்லை, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று யாராவது சொன்னால் சேப்பாக்கம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கால் இன்னும் முன்னாடியே உடைந்திருக்கக் கூடாதா, அணி தன் ஒருவனை மட்டும் நம்பியதில்லை என்று எல்லாரும் பார்த்திருப்பார்களே என்று டிராவிஸ் எழுதினார். அடிபட்ட பையனை அப்படி எழுத வைத்துவிட்டீர்கள்.

ப்ளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டை ஜார்ஜியா 63-3 என்று நசுக்கியதைக் காட்டி, நாங்கள் சொன்னது சரியாயிற்று பார் என்பவர்கள் இருக்கிறார்கள். அன்று இறங்கிய அணியில் முக்கிய வீரர்கள் பலர் இல்லை: ஜாரெட் வெர்ஸ் இல்லை, கியான் கோல்மன் இல்லை, ரோட்மேக்கரும் இல்லை. ப்ளேஆஃப் கனவு போன பிறகு ஆடிய ஆட்டம் அது. அலபாமா ப்ளேஆஃப் அரையிறுதியில் மிச்சிகனை ஓவர்டைம் வரை இழுத்தது என்பார்கள். இழுத்தது, மறுக்கவில்லை. உங்கள் ஊகம் பலித்தது என்றே வைத்துக்கொள்வோம். ஊகிக்கவா உங்களை உட்காரவைத்தார்கள்?

2014இல் ஒஹாயோ ஸ்டேட்டும் மூன்றாவது குவார்ட்டர்பேக்கோடுதான் வந்தது. கார்டேல் ஜோன்ஸ் முதல்முறை தொடக்க வீரராக இறங்கி விஸ்கான்சினை 59-0 என்று அடித்தார், அன்றைய குழு நான்காம் இடம் கொடுத்தது, அவர்கள் கோப்பையோடு போனார்கள். ஊகம் எந்தப் பக்கம் சாயும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

அடுத்த பருவம் 12 அணிகள் என்பதால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லாதீர்கள். சண்டை பன்னிரண்டாம் இடத்துக்கு நகரும், அவ்வளவுதான். முதல் சுற்றில் யாருக்கு ஓய்வு, யாருக்குச் சொந்த மைதானம் என்பதும் நீங்கள் போடும் வரிசையில்தான் இருக்கிறது.

உங்கள் நெறிமுறையில் முக்கிய வீரர் இல்லாமை பற்றி ஒரு வரி உண்டு. பருவத்தின்போது அது அணியைப் பாதித்ததா என்பது முன்பாதி. இனி பாதிக்கக்கூடுமா என்பது பின்பாதி. முன்பாதி இருக்கட்டும், அது நியாயம். பின்பாதியை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால், அதைக் காரணம் காட்டி ஓர் அணியை இறக்கும்போது 13 பேரில் யார் எப்படி வாக்களித்தார் என்பதைப் பெயரோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்