சின்னவளின் குளிசை

கோண்டாவில்
ஐப்பசி, மழை தொடங்கின கிழமை

அன்பின் வசந்தி,

உம்முடைய கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பல் முளைத்த சங்கதி வாசித்துச் சந்தோசப்பட்டேன். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளின் கதையைத்தான் எழுத வேணும்.

ஆவணியில் கிணற்றடியில் வாளி இழுக்கேக்க அவளுக்குத் தோள்மூட்டு விலகிப்போச்சு, மூன்றாம் தடவை. சின்னனில் பெருவிரலை வளைத்து முன்கையில் தொட்டுக் காட்டுவாள், நாங்கள் கைதட்டுவோம், நினைவிருக்கோ? அதுவே வருத்தத்தின் அடையாளமாம். ஏலர்ஸ்-டான்லோஸ் என்று பெயர். உடம்பைக் கட்டி வைத்திருக்கிற தொடுப்பிழையம் பிறவியிலேயே தளர்வு.

பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் நோவுக்குக் கபபென்டின் எழுதித் தந்தார்கள். துண்டைக் கொண்டு மருந்துக் கடைக்குப் போனால், அங்கே நின்ற பெடியன் "வலிப்புக்கோ அன்ரி?" என்று கேட்டான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆராவது அறிந்தால் பிள்ளைக்குக் கலியாணம் சரிவருமோ என்று யோசித்து யோசித்து, ஒரு மாதமாக அவள் விழுங்கின குளிசையை நானே ஒளித்துவிட்டேன் வசந்தி. ரெண்டு இரவு பிள்ளை வேர்த்து, நித்திரையில்லாமல், தோளைப் பொத்திப் பிடித்தபடி விறாந்தைப் படியில் இருந்தாள்.

பிறகுதான் டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அமெரிக்காவில் 1993இல் முதலில் வலிப்புக்கென்றுதான் அனுமதித்த மருந்து. நரம்பு அளவுக்கு மிஞ்சித் துடிக்கிறதை அடக்கும், அதனால் நரம்பு நோவுக்கும் குடுக்கிறார்கள். தளர்ந்த மூட்டை அது இறுக்காது. சட்டென்று நிறுத்தவே கூடாது, கொஞ்சங் கொஞ்சமாய்த்தான் குறைக்க வேணுமாம். தலைச்சுற்றும் தூக்கமும் வரும். மற்றவர்கள் தள்ளாடினால் சுவரைப் பிடிப்பார்கள். இவளுக்குச் சுவரைப் பிடிக்கவே மணிக்கட்டு விலகும். ஆனபடியால் இரவுக் குளிசைக்குப் பிறகு முற்றத்தில் இறங்க விடுவதில்லை. நெஞ்செரிவுக்குக் குடிக்கிற வெள்ளைப் பாணி மருந்தையும் குளிசையோடு சேர்க்கிறதில்லை. அது குளிசையை உடம்பில் சுவற விடாதாம், ரெண்டு மணித்தியாலம் இடைவெளி வேணும்.

இப்ப ஆர் கேட்டாலும் மறைக்காமல் சொல்லுகிறேன். வலிப்பு உள்ளவள் என்றாலும் என்ன குறை? உம்முடைய அக்கா அதோடுதானே முப்பது வருசம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவ.

கிணற்றுக்கு மோட்டர் பூட்டியாச்சு. உம்முடைய மருமகள் பிசியோ படித்தவ எல்லோ, தோளைச் சுற்றியுள்ள தசையைப் பலப்படுத்த என்ன பயிற்சி செய்யலாம் என்று கேட்டு எழுதும். படம் கீறி அனுப்பினால் இன்னும் நல்லம்.

அன்புடன்,
சிவகாமி