துக்கம் விசாரிப்போர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

கணவரை இழந்த பெண்ணுக்கு ஆறுதல் கூறுவது பற்றிய தங்கள் கட்டுரை, 'என்ன உதவி என்றாலும் கேளுங்கள்' எனச் சொல்லப் பரிந்துரைக்கிறது. எதைக் கேட்பது என்று யோசிக்கும் தெம்பு அப்போது அவருக்கு இராது, கேட்கவும் மாட்டார். 'வியாழன் காலை வருகிறேன், வங்கிக்குச் சேர்ந்து போகலாம்' என்று நாளும் வேலையும் குறித்துச் சொல்வதே பயன்படும். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என எல்லா இடத்திலும் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிட்ட பிரதி ஒன்றே கையில் இருந்தால், அது ஓரிடத்தில் முடங்க, மற்ற மனுக்கள் அப்படியே நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கடைசி நிமிடங்களை வருவோரெல்லாம் முதலிலிருந்து சொல்லவைப்பதும் கொடுமைதான். சடங்குகள் முடிந்ததும் தொலைபேசி அழைப்புகள் ஓய்ந்துவிடுகின்றன. இரண்டாம் மாதம் அழைத்து, இறந்தவரின் பெயரைச் சொல்லியே பேசலாம்.

இரங்கல் விளம்பரப் பக்கத்தின் ஓரத்தில், குடும்பத்தார் திரட்ட வேண்டிய ஆவணங்களின் பட்டியலைத் தாங்கள் தொடர்ந்து வெளியிடலாமே.

– ஒரு வாசகர்