ரவுட்டரில் ஆழம் வைக்கும்போது

அன்புள்ள செல்விக்கு,

நீ மரத்தில் பள்ளம் குடைகிற ரவுட்டர் மெஷின் வாங்கியிருப்பதாக அம்மா சொன்னாள். புத்தக அலமாரியில் தட்டுகளைச் செருகுகிற நீளப் பள்ளத்தை, அதாவது காடியை, நீயே எடுக்கப் போகிறாய் என்று கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

உளியில் வேலை செய்தால் எவ்வளவு இறங்குகிறது என்பது கைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ரவுட்டரில் அப்படி இல்லை. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற பிட், அதாவது மரத்தை வெட்டுகிற அலகு, எத்தனை மில்லிமீட்டர் கடிக்க வேண்டும் என்பதை அது சும்மா கிடக்கும்போதே நீ முடிவு செய்து பூட்டிவிட வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

ஆழத்தில் கை வைப்பதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடு. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உருவிய பிளக் உன் கண்ணில் படுகிற மாதிரி மேசை மேலேயே கிடக்கட்டும். பிட் மாற்றும்போதும் இப்படித்தான். இதில் மட்டும் அப்பாவுக்காக ஒரு நாளும் விலக்கு வைக்காதே.

அப்புறம் பிட். அதன் காம்பை, அதைக் கவ்விப் பிடிக்கிற கோலட்டுக்குள் முழுக்க இறக்கி, அடியில் முட்டியதும் இரண்டு மூன்று மி.மீ. மேலே இழுத்துவிட்டு ஸ்பேனரால் இறுக்கு. அடியில் முட்டியபடியே இறுக்கினால் கோலட் சரியாகப் பிடிக்காது. ஆழம் போதவில்லை என்று காம்பைப் பாதி வெளியே இழுத்து வைப்பதும் கூடாது. காம்பில் முக்கால் பங்காவது உள்ளே இருக்க வேண்டும். ஆழம் எட்டவில்லை என்றால் நீளமான பிட் வாங்கு. கால் அங்குலக் கோலட்டில் 6 மி.மீ. காம்பை மாட்டாதே. பார்வைக்கு ஒன்று போல இருக்கும், பிடிமானம் இருக்காது. காடி எடுக்க எடுக்க ஆழம் கூடிக்கொண்டே வந்தால் பிட் நழுவி இறங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நிறுத்திவிடு.

இனி அளவு. உன்னுடையது மேலும் கீழும் அமுங்குகிற ப்ளஞ்ச் மெஷின் என்பதால் வேலை சுலபம். மட்டமான பலகை மேல் வைத்து, பூட்டைத் தளர்த்தி, பிட்டின் நுனி மரத்தைத் தொடும்வரை அமுக்கிப் பூட்டு. அதுதான் சைபர். பக்கத்தில் இருக்கிற, ஆழத்தைத் தடுத்து நிறுத்துகிற டெப்த் கம்பியை, கீழே சுழல்கிற டரெட் என்ற படிகள் வைத்த வட்டின் மிகத் தாழ்ந்த படியைத் தொடும்படி இறக்கு. பிறகு உனக்கு எவ்வளவு ஆழம் வேண்டுமோ அவ்வளவு இடைவெளி விட்டுக் கம்பியை உயர்த்தி இறுக்கு. மெஷினில் இருக்கிற ஸ்கேலை நான் நம்புவதில்லை, அதன் கோடுகள் மிக நெருக்கம். 6 மி.மீ. ஆழம் வேண்டுமென்றால் 6 மி.மீ. டிரில் பிட்டின் காம்பைக் கம்பிக்கும் படிக்கும் நடுவே படுக்கவைத்து, கம்பியை அதன் மேல் உட்காரவிட்டு இறுக்கு. டிரில் பிட்டை எடுத்துவிட்டால் அந்த இடைவெளிதான் உன் காடியின் ஆழம். இதைவிடத் துல்லியமாகக் கண்ணால் பார்த்து வைக்க முடியாது.

டரெட் படியின் தலையில் மரத்தூள் ஒட்டியிருந்தால் அந்த அளவுக்கு ஆழம் குறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஊதிவிட்டு, பழைய பிரஷால் துடைத்துவிடு.

உன் அலமாரியின் பக்கப் பலகை 18 மி.மீ. பிளைவுட் என்றால் காடிக்கு 6 மி.மீ. போதும், மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் இறங்கினால் பலகையின் பலம் போய்விடும். அந்த 6 மி.மீ.யையும் ஒரே ஓட்டத்தில் எடுக்காதே. பிட்டின் குறுக்களவில் பாதிக்கு மேல் ஒரு ஓட்டத்தில் இறக்கக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. உன் 12 மி.மீ. பிட் அந்தக் கணக்கில் 6 மி.மீ. தாங்கும். ஆனாலும் உன் கை பழகும்வரை முதலில் 3, அப்புறம் 3 என்றே எடு. டரெட்டில் உயரம் மாறும் படிகள் இருப்பதே இதற்குத்தான். ஆழமாக இறக்கினால் மெஷின் திமிறும், பிட் சூடேறும், மரம் கருகும், சில நேரம் பிட்டே முறிந்து தெறிக்கும். தேக்கு மாதிரி கெட்டி மரத்தில் இன்னும் குறைத்துக்கொள்.

காடியில் உட்காரப் போகிற தட்டின் கனத்தையும் அளந்து பார், காடியின் அகலம் அதுதான். 18 என்று விற்கிற பிளைவுட் பல நேரம் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அந்த அகலம் உன் 12 மி.மீ. பிட்டைவிட அதிகம் என்பதால் இரண்டாகப் பிரித்து எடுக்க வேண்டிவரும். மெஷினை உன்னிடமிருந்து முன்னால் தள்ளும்போது அது இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். ஆகவே கிளாம்ப் போட்ட வழிகாட்டிச் சட்டம் மெஷினுக்கு இடப்பக்கம் இருக்கட்டும். காடியின் வலப் பகுதியை முதலில் எடு. பிறகு சட்டத்தை இடப்பக்கம் நகர்த்தி மீதியை எடு. மாற்றிச் செய்தால் மெஷின் உன் கையை மீறி ஓடும்.

ஓட்டும்போது இரண்டு கையும் பிடியில் இருக்க வேண்டும். பிட் மரத்துக்கு மேலே தூக்கி நிற்க, சுவிட்ச் போட்டு, முழு வேகம் வந்த பிறகு மெதுவாக அமுக்கிப் பூட்டித் தள்ளு. முடிந்ததும் பூட்டை விடு, பிட் தானாக மேலே ஏறும். அப்புறம் சுவிட்சை அணை. முழுக்க நின்ற பிறகுதான் கீழே வைக்க வேண்டும். கண்ணாடி, காதடைப்பு, மாஸ்க் மூன்றும் போட்டுக்கொள். முடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொள், துப்பட்டா வேண்டாம். ஒயர் தோள் மேல் வழியாகப் பின்னால் போகட்டும்.

நல்ல பலகையைத் தொடுவதற்கு முன் அதே பிளைவுட்டின் வெட்டுத் துண்டில் ஒரு காடி எடுத்துப் பார். அதில் ஸ்கேலை நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அலமாரியில் கை வை, அம்மா.

அன்புடன்,
அப்பா