கோவனிலிருந்து காந்திமதிக்கு

அன்புள்ள காந்திமதி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பை ஊன்றியாவது தெருமுனை வரை போய் வருகிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பயிற்சியை மட்டும் விடாமல் செய்யச் சொல். வலிக்கிறது என்று நாலு நாள் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். இங்கே எல்லோரும் சுகம். பேரன் இந்த வருஷம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். வீட்டில் இப்போது நான் சொன்ன பேச்சைக் கேட்க ஆளில்லை.

காலமெல்லாம் வரலாறு நடத்தியவள் சும்மா இருப்பாயா? "கிளாஸ்கோவில் கோவன் பகுதியில் இருக்கிறேன் என்கிறாய், பிரிட்டிஷ் எம்.பி.க்கள் பட்டியலில் கோவன் என்று ஒரு தொகுதியே காணோமே" என்று கேட்டிருக்கிறாய். தொகுதி இருந்தது, 2005 வரை. எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கென்று தனி நாடாளுமன்றம் வந்த பிறகு, லண்டனுக்கு அனுப்பும் ஸ்காட்லாந்து எம்.பி.க்களின் எண்ணிக்கையை 72-லிருந்து 59 ஆகக் குறைத்தார்கள். அந்த மறுசீரமைப்பில் கோவனைப் பிரித்துப் பக்கத்துத் தொகுதிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் கதையைக் கேட்டால் நீ விடமாட்டாய். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கோவன் என்பது கிளைட் ஆற்றின் தென்கரை. 1912 வரை தனி நகராட்சி, அப்புறம்தான் கிளாஸ்கோவோடு சேர்த்தார்கள். கப்பல் கட்டும் ஊர். தொகுதி பிறந்தது 1885-இல். முதல் எம்.பி. யார் தெரியுமா? ஃபேர்ஃபீல்ட் கப்பல் தளத்தின் முதலாளி சர் வில்லியம் பியர்ஸ், கன்சர்வேடிவ். சம்பளம் கொடுப்பவரே ஓட்டும் கேட்டால் யார் இல்லை என்பார்கள்! மூன்று வருஷத்தில் இறந்துபோனார். கோவன் கிராஸில் உயரமான பீடத்தின் மேல் அவருக்குச் சிலை இருக்கிறது. வெண்கலம் கறுத்துப் போனதால் ஊர்க்காரர்கள் அதைக் 'கறுப்பு மனுஷன்' என்றுதான் சொல்வார்கள். முதலாளி பெயரைச் சொல்வாரில்லை.

அதே இடத்தில் 2018-இல் இன்னொரு சிலை வைத்தார்கள். மேரி பார்பர். உனக்கு இவளைப் பிடிக்கும். 1915, முதல் உலகப் போர். ஆண்கள் பாதிப் பேர் போர்முனையில், மீதிப் பேர் கப்பல் தளத்தில். வேலை தேடி ஆட்கள் வந்து குவிய, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். கொடுக்க முடியாது என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்ய அமீனா வந்தால் தெருவில் ஒருத்தி மணி அடிப்பாள். எல்லோரும் சமையலைப் போட்டது போட்டபடி ஓடிவந்து படிக்கட்டை மறித்துக்கொள்வார்கள், அமீனா மேல் மாவை வாரி அடிப்பார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. இதை நடத்திய பெண்களில் ஒருத்திக்குக்கூட அன்றைக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுரிமை இல்லை. 1918-இல்தான், அதுவும் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிடைத்தது. அந்த வருஷம் நடந்த பொதுத்தேர்தலில் கிளாஸ்கோ முழுவதிலும் லேபர் கட்சி ஜெயித்த ஒரே தொகுதி கோவன். நீல் மக்லீன் என்பவர் எம்.பி. ஆனார். மணியடித்த பெண்களுக்கும் அந்த வெற்றிக்கும் சம்பந்தம் இல்லை என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

மக்லீன் 1950 வரை, முப்பத்திரண்டு வருஷம் எம்.பி.யாக இருந்தார். நடுவில் எல்லைகளை மாற்றியதில் ஐந்து வருஷம் ஒரு கன்சர்வேடிவ் வந்து போனார். 1955-இல் மறுபடி லேபர். அப்புறம் கோவன் என்றாலே லேபரின் கோட்டை என்று ஆகிவிட்டது. கோட்டை என்று பெயர் வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? கட்சி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடும். வீடுகள் ஒழுகின, தெருக்களை இடித்துத் தள்ளினார்கள், 1971-இல் கப்பல் தளங்கள் திவால் நிலைக்குப் போயின. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யாமல், தளத்தைத் தாங்களே கையில் எடுத்து வேலையைத் தொடர்ந்தார்களே, ஜிம்மி ரீட் தலைமையில், அது இங்கேதான். யாரும் ரகளை செய்யக்கூடாது, குடிக்கக்கூடாது, உலகமே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவர் பேசிய பேச்சை இன்றைக்கும் கிழவர்கள் சொல்லிக் காட்டுவார்கள். கடைசியில் பிரதமர் ஹீத்தின் அரசாங்கம் இறங்கிவந்தது. கோவனில் தளம் பிழைத்தது. இப்போதும் அங்கே போர்க்கப்பல் கட்டுகிறார்கள்.

1973-இல் லேபர் எம்.பி. ஜான் ராங்கின் இறந்ததால் இடைத்தேர்தல் வந்தது. லேபர் நிறுத்தியது ஹாரி செல்பி என்ற அறுபது வயது முடிதிருத்துபவரை. அவரை எதிர்த்து நின்றது ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி, அதாவது எஸ்.என்.பி. வேட்பாளர் மார்கோ மக்டொனால்ட், வயது முப்பது. பேச்சென்றால் பேச்சு! பத்திரிகைகள் அவர் சொன்னதை எழுதாமல் தலைமுடி நிறத்தை எழுதின. அதில் மட்டும் எந்த நாடும் வித்தியாசமில்லை. வடகடலில் எண்ணெய் கிடைத்து, 'அது ஸ்காட்லாந்தின் எண்ணெய்' என்று எஸ்.என்.பி. ஊரெல்லாம் முழங்கிக்கொண்டிருந்த நேரம். ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரம் முன்னால்தான், ஸ்காட்லாந்துக்குத் தனி அவை வேண்டும் என்று கில்பிராண்டன் கமிஷனின் அறிக்கை வந்திருந்தது. நவம்பர் 8. மார்கோ 571 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அடுத்ததுதான் வேடிக்கை. நாலு மாதம்கூட ஆகவில்லை, 1974 பிப்ரவரியில் பொதுத்தேர்தல். அதற்குள் புதிய எல்லைகளும் வந்து தொகுதி பெரிதாகிவிட்டது. மார்கோ முன்பைவிட மூவாயிரத்துக்கு மேல் கூடுதலாக ஓட்டு வாங்கினார். வாங்கியும் தோற்றார், அதே செல்பியிடம், 543 ஓட்டில். அக்டோபரில் இன்னொரு பொதுத்தேர்தல், மறுபடி தோல்வி. வித்தியாசம் ஏறக்குறைய இரண்டாயிரம்.

இடைத்தேர்தலில் யாரை ஜெயிக்க வைத்தாலும் அரசாங்கம் மாறாது, அதனால் துணிந்து ஓட்டுப் போடலாம் என்று வகுப்பில் சொல்வோமே, அந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் லேபருக்கு உறைத்தது. அந்த 1974-இலேயே, ஸ்காட்லாந்துக்குத் தனி அவை என்பதைக் கட்சி தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. பிப்ரவரியில் எஸ்.என்.பி. வேறு இடங்களில் ஏழு தொகுதிகளைப் பிடித்ததும் ஒரு காரணம், இல்லை என்று சொல்லவில்லை.

இப்போது 1988-க்கு வா. அப்போதைய எம்.பி. ப்ரூஸ் மில்லன், முன்னாள் ஸ்காட்லாந்து அமைச்சர். ஐரோப்பிய ஆணையத்தில் பதவி கிடைத்து பிரஸ்ஸல்ஸுக்குப் போனார். முந்தைய ஆண்டுதான் அவர் 19,509 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். எஸ்.என்.பி.க்கு அதில் நாலாவது இடம், நாலாயிரம் ஓட்டுகூட இல்லை. இந்தத் தொகுதியில் யாருக்காவது பயம் வருமா? ஆனால் அந்த நேரத்தில் தாட்சர் அரசாங்கம் தலைவரி கொண்டுவந்தது. கோடீஸ்வரனும் கூலிக்காரனும் கிட்டத்தட்ட ஒரே வரி கட்ட வேண்டும். அதையும் முதலில் ஸ்காட்லாந்தில், இங்கிலாந்துக்கு ஒரு வருஷம் முன்னால். ஸ்காட்லாந்தின் 72 இடங்களில் லேபருக்கு 50 எம்.பி.க்கள் இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை. 'சோப்ளாங்கி ஐம்பது பேர்' என்று எஸ்.என்.பி. கேலி செய்தது.

வேட்பாளர் ஜிம் சில்லர்ஸ். இவர் ஒரு காலத்தில் லேபர் எம்.பி., தேசியவாதிகளைக் கிழிகிழியென்று கிழித்தவர். லேபரிலிருந்து பிரிந்து தனிக்கட்சி கண்டு, அது போனபின் எஸ்.என்.பி.க்கு வந்தார். இன்னொன்று, அவர் மார்கோவின் கணவர். 1981-இல் கல்யாணம். மனைவி பதினைந்து வருஷத்துக்கு முன் ஜெயித்த தொகுதியில் புருஷன் நிற்கிறார், ஊர் வாய் சும்மா இருக்குமா? லேபர் வேட்பாளர் பாப் கில்லெஸ்பி தொழிற்சங்கக்காரர். தொலைக்காட்சி விவாதத்தில் ஐரோப்பிய நிதியைப் பற்றிய நுணுக்கமான கேள்வி ஒன்றுக்குப் பதில் தெரியாமல் விழித்தார். பாவம், அதைக் கேட்டிருந்தால் பாதி எம்.பி.க்கள் விழித்திருப்பார்கள். நவம்பர் 10 இரவு, பத்தொன்பதாயிரம் வித்தியாசம் காணாமல் போய் சில்லர்ஸ் 3,554 ஓட்டில் ஜெயித்தார்.

இனி என்ன நடந்திருக்கும் என்று நீயே சொல்லிவிடுவாய். 1992 பொதுத்தேர்தலில் லேபரின் இயன் டேவிட்சன் நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தொகுதியை மீட்டார். சில்லர்ஸ் கொதித்துப்போனார். ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் தொண்ணூறு நிமிஷ தேசபக்தர்கள், கால்பந்து ஆட்டம் முடிந்ததும் தேசபக்தியும் முடிந்துவிடும் என்றார். ஐப்ராக்ஸ் கால்பந்து மைதானம் இருக்கும் ஊரில் தோற்றவர் வாயில் அந்த வார்த்தை வந்ததில் ஆச்சரியமில்லை. எனக்கு அவர் மேல் பரிதாபம் உண்டு, ஆனால் அவர் சொன்னது சரியில்லை. ஜனங்கள் தாட்சரின் கட்சியை விரட்ட நினைத்தார்கள். அதற்குப் பொதுத்தேர்தலில் லேபருக்குப் போட்டால்தான் வழி என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். அந்த முறை அதுவும் பலிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

1997-இல் எல்லைகள் மறுபடி மாறின. லேபருக்குள்ளேயே வேட்பாளர் தேர்வில் பெரிய ரகளை. முதலில் ஒரே ஒரு ஓட்டில் மைக் வாட்சன் ஜெயித்தார், தகராறாகி மறுபடி நடத்தியதில் முகமது சர்வார் வந்தார். பாகிஸ்தானில் பிறந்து, கிளாஸ்கோவில் மொத்த வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர். தேர்தலில் ஜெயித்து பிரிட்டனின் முதல் முஸ்லிம் எம்.பி. ஆனார். நாடு முழுக்க லேபர் அலை அடித்த அந்தத் தேர்தலில்கூட இங்கே வித்தியாசம் 2,914 மட்டுமே. எதிரே நின்றது யார் என்கிறாய்? எஸ்.என்.பி.யின் இருபத்தாறு வயது வழக்கறிஞர் ஒருத்தி, நிக்கோலா ஸ்டர்ஜன்.

ஸ்டர்ஜன் விடவில்லை. எடின்பரோ நாடாளுமன்றத்துக்கும் கோவன் என்ற பெயரில் ஒரு தொகுதி இருந்தது. அதில் 1999-இலும் 2003-இலும் தோற்று, கட்சிக்கு விழும் ஓட்டைப் பார்த்து இடம் கொடுக்கும் பட்டியல் முறையில்தான் அவைக்குள் போனார். 2007-இல் 744 ஓட்டில் ஜெயித்தார். 2014-இல் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் ஆனார். 2011-இல் அந்தத் தொகுதியும் பெயர் மாறி கிளாஸ்கோ சவுத்சைட் ஆகிவிட்டது. 2021-இல் அங்கே ஸ்டர்ஜனை எதிர்த்து நின்றவர் ஸ்காட்லாந்து லேபரின் தலைவர் அனஸ் சர்வார், முகமது சர்வாரின் மகன். அப்பாவிடம் தோற்றவர் மகனை ஜெயித்தார். சர்வார் பெரியவரோ அதற்குள் பாகிஸ்தானில் பஞ்சாப் ஆளுநராகிவிட்டிருந்தார்.

நூலகத்தில் இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. கோவன்காரர்கள் இரண்டு தடவை லேபரின் காதைத் திருகினார்கள். இரண்டு தடவையும் ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் என்ற பேச்சுக்கு ஒரு தள்ளு கிடைத்தது. 1988-க்கு அடுத்த மார்ச்சில் அதற்காக ஒரு மாநாடு கூடியது, லேபர் அதில் உட்கார்ந்தது. (எஸ்.என்.பி. வெளியே நின்றது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) நாடாளுமன்றம் வந்தது. அது வந்ததால்தான் லண்டனுக்கு இத்தனை எம்.பி. எதற்கு என்ற கேள்வி வந்து, கோவன் தொகுதி மறைந்தது. தொகுதி தன் ஓட்டாலேயே தன்னை இல்லாமல் ஆக்கிக்கொண்டது என்று சொன்னால் நீ மிகைப்படுத்தாதே என்பாய். கொஞ்சம் மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுக்கப் பொய் இல்லை.

மார்கோ லண்டனில் எம்.பி.யாக இருந்தது சில மாதங்கள்தான். ஆனால் 1999-இல் எடின்பரோ நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பிறகு கட்சியோடு முட்டிக்கொண்டு 2003-லிருந்து சுயேச்சையாகவே ஜெயித்து, 2014-இல் இறக்கும்வரை உறுப்பினராக இருந்தார். பார்க்கின்சன் நோய் வந்தபின், தீராத நோயாளிகள் தாங்களே முடிவெடுத்துச் சாகும் உரிமைக்கு மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அந்த விவாதத்தைப் படித்துவிட்டு உன் கருத்தை எழுது, நமக்குள் சண்டை வரும் என்று நினைக்கிறேன்.

சாரதா மகள் கல்யாணத்துக்கு நீ போனாயா? பத்திரிகை எனக்கும் அனுப்பியிருந்தாள், வர முடியாது என்று எழுதிப் போட்டேன். கோபமாக இருக்கிறாளா என்று நைசாகக் கேட்டுச் சொல்லடி.

அன்புடன்,
விசாலம்