நெல்லின் ஈரப்பதத்துக்கு ஒரு மழைக்கால விதி வேண்டும்: ஒன்றிய உணவுத் துறைக்குத் திறந்த மடல்

ஒன்றிய அரசின் உணவு, பொது விநியோகத் துறைக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் ஐந்து ஏக்கரில் நெல் சாகுபடி செய்கிறவன் நான். கொள்முதலுக்கு நீங்கள் வைத்திருக்கும் 17 சதவீத ஈரப்பத வரம்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஐப்பசியில் எங்கள் ஊர்ச் சாலையோரம் வந்து பாருங்கள். படுதாவை விலக்கி நெற்குவியலுக்குள் கையை விட்டால் உள்ளே சுடும். மூடியே கிடந்தால் மூன்று நான்கு நாளில் அடியில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். ஒருமுறை கொள்முதல் நிலையத்தில் என் நெல்லில் ஈரப்பதக் கருவி 20.4 சதவீதம் காட்டியது. "காயவைத்துக் கொண்டுவாருங்கள்" என்றார்கள். காயவைக்க வெயில் வேண்டுமே! பகலில் இரண்டு மணி நேரம் வெயில் தலைகாட்டினாலும், ராத்திரி ஈரக்காற்றில் நெல் மறுபடியும் ஊறிக்கொள்கிறது.

இது உழவனின் அசட்டையால் வருவதல்ல. மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீரை நம்பி விதைக்கும் குறுவை புரட்டாசி, ஐப்பசியில் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான். பஞ்சாபில் நெல் அறுக்கும்போது அங்கே பருவமழை விலகி, காற்று காய்ந்திருக்கும். அந்த ஊருக்கு 17 பொருந்தும். எங்களுக்கு அறுவடையும் அடைமழையும் ஒன்றாக வருகின்றன. தை, மாசியில் அறுக்கும் சம்பாவுக்கும் இப்போது நிம்மதி இல்லை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் பெய்த மழையில் கதிர் சாய்ந்து வயலிலேயே கிடந்தது.

வானிலைக்காக நீங்கள் விதியைத் தளர்த்தியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022 மார்ச் வெப்பத்தில் வடக்கே கோதுமை மணி சுருங்கியபோது, சுருங்கிய, உடைந்த மணிகளுக்கான வரம்பை 6 சதவீதத்திலிருந்து 18 வரை உயர்த்தினீர்கள், விலையையும் குறைக்கவில்லை. அதே ஆண்டு மேட்டூர் மே 24-லேயே திறந்ததால், எங்கள் கொள்முதல் பருவத்தை அக்டோபரிலிருந்து செப்டம்பர் 1-க்கு முன்தள்ளினீர்கள். இரண்டும் சரியான முடிவுகள். ஈரப்பதத்துக்கு மட்டும் மாநிலம் கடிதம் எழுத வேண்டும், குழு வர வேண்டும், மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், பிறகுதான் ஆணை. அதற்குள் நெல் முளைத்துவிடுகிறது.

ஈர நெல்லைச் சேமிப்பதில் உங்களுக்குள்ள சிக்கல் எனக்குத் தெரியும். கிடங்கில் பூஞ்சை பிடிக்கும், நெல்லை அரைத்தால் கிடைக்கும் அரிசியும் குறையும். அதனால்தான் கொள்முதல் நிலையங்களுக்கு உலர்த்தும் இயந்திரங்களையும் சேர்த்துக் கேட்கிறேன். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை காவிரிப் படுகைக்கு 22 சதவீதம் என்று நிரந்தரமாக ஆணையிடுங்கள். கூடுதல் ஈரத்துக்கு எடையில் நியாயமாகக் கழித்துக்கொள்ளுங்கள், ஏற்கிறோம்.

அந்த ஆணை ஆடி முடிவதற்குள் வர வேண்டும். அப்போதுதான் அறுவடை இயந்திரத்துக்கு எந்த நாளில் சொல்லிவைப்பது என்று எங்களால் முடிவெடுக்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு டெல்டா விவசாயி